அரிப்பு நின்றால் போதுமா?

படர்தாமரை வந்தால் சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசுவது தமிழ்நாட்டில் வழிவழியாக வரும் வைத்தியம். சிலர் நாகமல்லியை அரைப்பார்கள். சிலர் குப்பைமேனியோடு உப்பைச் சேர்த்துத் தேய்ப்பார்கள். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘பக்கவிளைவே இல்லாத முழுத் தீர்வு’ என்று காணொளி போடுகிறவர்களோடும் இல்லை. இலையில் இருக்கும் சரக்கு மெய்யானது. அது தோலில் எதைச் சாதித்தது என்று நாம் அளக்கும் விதத்தில்தான் கோளாறு.

முதலில் சரக்கைப் பார்ப்போம். படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. பூஞ்சையின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வுக்கு உறுதி தருவது எர்கோஸ்டெரால் என்ற பொருள். ஓமத்தின் தைமாலும் கிராம்பின் யூஜினாலும் கொழுப்பில் கரைபவை என்பதால் அந்தச் சவ்வுக்குள் எளிதில் புகுந்து அதைக் குலைத்துவிடுகின்றன. உள்ளே இருப்பது கசிந்து செல் சாகிறது. செடிகளில் உள்ள சப்போனின்கள் சவ்வின் ஸ்டெராலைப் பற்றிக்கொண்டு ஓட்டை போடுகின்றன. பூண்டின் வழி வேறு. முழுப் பல்லில் அல்லிசின் கிடையாது. நசுக்கும்போதுதான் அல்லினேஸ் என்ற நொதி அல்லினோடு சேர்ந்து அதை உண்டாக்குகிறது. அது பூஞ்சையின் நொதிகளில் உள்ள கந்தகத் தொகுதிகளோடு வினைபுரிந்து அவற்றை முடக்குகிறது. வேகவைத்த பூண்டில் அந்த நொதியே அழிந்துவிடும்.

ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்குவதுதான் தாவரப் பொருள்களின் பெரிய பலம். பூஞ்சைக்கு எதிரான டெர்பினாஃபின் மாத்திரை ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற ஒரே நொதியைக் குறிவைக்கிறது. அந்த நொதியில் ஒரு அமினோ அமிலம் மாறிவிட்டாலே மருந்து தோற்றுவிடும். இந்தியாவில் பரவி, 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் பெற்ற படர்தாமரைப் பூஞ்சையில் அதுதான் நடந்திருக்கிறது. சவ்வையே குலைக்கும் பொருளிடமிருந்து தப்புவது அவ்வளவு எளிதில்லை. முடியவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். ஓட்ஸ் பயிர் தன் வேரில் அவெனாசின் என்ற சப்போனினை வைத்துக்கொண்டு நோயைத் தடுக்கிறது. ஒரு வேர்ப் பூஞ்சையோ அதை உடைக்கும் நொதியை வைத்திருக்கிறது. 1995-ல் வெளியான ஆய்வில் அந்த நொதிக்கான மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, பூஞ்சையால் ஓட்ஸைத் தாக்க முடியவில்லை.

பலம் எங்கே இருக்கிறதோ அங்கேயே பலவீனமும் இருக்கிறது. பூஞ்சை செல் பாக்டீரியாவைவிட நம்முடைய செல்லுக்கு நெருங்கிய உறவு. பூஞ்சையை மட்டும் கொன்று நம்மை விட்டுவிடும் மருந்துகள் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். சவ்வைக் குலைக்கும் பொருள் யாருடைய சவ்வு என்று பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. பச்சைப் பூண்டை நசுக்கித் தோலில் வைத்துக் கட்டி, அந்த இடம் வெந்து கொப்பளித்துப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல அறிக்கைகள் வந்திருக்கின்றன. அளவும் ஒரு சிக்கல். டெர்பினாஃபின், எதிர்ப்புத்திறன் இல்லாத பூஞ்சையை மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழேயே அடக்கிவிடும். இலைச் சாறுகளுக்கோ பெரும்பாலும் நூற்றுக்கணக்கில் வேண்டியிருக்கிறது. அதுவும் செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது ஆஸ்திரேலியாவின் தேயிலை மர எண்ணெயின் கதை. சேற்றுப்புண்ணுக்கு அந்த எண்ணெய் 10 சதவீதம் கலந்த களிம்பை 1992-ல் வெளியான ஒரு ஆய்வில் சோதித்தார்கள். அரிப்பும் எரிச்சலும் டோல்நாஃப்டேட் என்ற மருந்துக்கு இணையாகக் குறைந்தன. தோலைச் சுரண்டிப் பரிசோதித்தபோதோ, டோல்நாஃப்டேட் பூசியவர்களில் 85 சதவீதம் பேரிடம் பூஞ்சை போயிருந்தது. எண்ணெய்க் களிம்பு பூசியவர்களில் 30 சதவீதம் பேரிடம் மட்டுமே. மருந்தில்லாத வெறும் களிம்பு பூசியவர்களிடமே 21 சதவீதம். அடுத்து 2002-ல் 25, 50 சதவீதக் கரைசல்களைச் சோதித்தார்கள். இம்முறை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் பூஞ்சை போனது. சிலருக்குத் தோல் அழற்சியும் வந்தது. ஆக, அந்த எண்ணெய் பூஞ்சையைக் கொல்லும். அதற்கேற்ற செறிவு வேண்டும், அந்தச் செறிவைத் தோலும் தாங்க வேண்டும். அரிப்பு நின்றதை வைத்து மட்டும் முடிவு கட்டியிருந்தால், முதல் களிம்பையே வெற்றி என்று சொல்லியிருப்பார்கள்.

நம் வீடுகளில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இலை வைத்தியத்தில் மட்டும் இந்தத் தவறு நடக்கவில்லை. சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பிலும் இதே தவறுதான், அதைவிடப் பெரிய கேட்டோடு. அதில் உள்ள க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிடும்; அடியில் பூஞ்சை செழித்துப் பரவும். இந்தியாவில் படர்தாமரை இவ்வளவு முற்றியதில் அந்தக் களிம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் சீமை அகத்தி எவ்வளவோ மேல். ஒரு சிறு வட்டத்துக்கு அதைப் பூசிப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. நகத்திலும் தலைமுடியிலும் புகுந்த பூஞ்சையை எந்த விழுதும் எட்டாது. தொடை முழுக்கப் படர்ந்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இலையை நம்பி வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

பிலிப்பைன்ஸ் சீமை அகத்தி இலையை அப்படியே விட்டுவிடவில்லை. அந்நாட்டுச் சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்ட பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. அதை லோஷனாகவும் செய்து பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நம் பக்கத்திலோ போராட்டம் உரிமைக்காக நடந்தது. வேப்பெண்ணெயின் பூஞ்சைக் கொல்லித் திறனுக்கு ஐரோப்பாவில் தரப்பட்ட காப்புரிமையை எதிர்த்து இந்தியர்களும் ஐரோப்பியர்களும் சேர்ந்து போராடி 2000-ல் ரத்து செய்ய வைத்தார்கள். 2005-ல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். அறிவு நம்முடையது என்று நிலைநாட்டுவதில் காட்டிய அந்த முனைப்பு, அதைச் சோதிப்பதிலும் வேண்டும். நம் சித்த மருத்துவ நிறுவனங்களும் மருத்துவக் கல்லூரிகளின் தோல் துறைகளும் கைகோத்தால், அளவு உறுதிசெய்த சீமை அகத்தி லோஷனை இண்டோட்டினியே தொற்று உள்ளவர்களிடம் சோதித்துப் பார்க்கலாம். தோல் துகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்க அதிகச் செலவில்லை. பூசத் தொடங்கும்முன் ஒருமுறை, பூசி முடித்ததும் ஒருமுறை, நிறுத்தி ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.