உறங்கும் கணிப்பொறி விழிக்குமா?

மடிக்கணிப்பொறியின் மூடியைச் சாத்துகிறீர்கள். மீண்டும் திறக்கும்போது வேலை விட்ட இடத்திலேயே காத்திருக்க வேண்டும் அல்லவா? இதற்கு இரு வழிகள் உண்டு. நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் கொடுத்து, மற்ற உறுப்புகளை அடக்கி வைப்பது 'சஸ்பெண்ட்'. பாட்டரி தீர்ந்தால் சேமிக்காத வேலை போய்விடும். நினைவகத்தில் உள்ளவற்றை வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணைந்துவிடுவது 'ஹைபர்னேட்'. இதில் பாட்டரி தீர்ந்தாலும் இழப்பில்லை.

இத்தகைய பயனுள்ள வசதியை உபுண்டு லினக்ஸ், 2012-ல் வெளியான 12.04 பதிப்பில், வழக்கமான பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பல கணிப்பொறிகள் உறங்கியபின் சரிவர விழிக்கவில்லை என்பதே காரணம். காரணம் நியாயமானதே. தயாரிப்பாளர் பொதிந்து வைத்த ஃபர்ம்வேரும், ஒவ்வோர் உறுப்பின் டிரைவரும் இசைந்து நடந்தால்தான் கணிப்பொறி விழிக்கும். லினக்ஸின் நிரலை யாரும் படிக்கலாம். ஃபர்ம்வேரோ பெரும்பாலும் மூடிய புத்தகம்.

எனினும் மறைத்துவிடுவது மருந்தாகாது. லினக்ஸை நிறுவும்போதே 'ஹைபர்னேட் வேண்டுமா?' என்று கேட்கலாம். வட்டில் போதிய 'ஸ்வாப்' இடம் ஒதுக்கலாம். ஒருமுறை உறங்கி விழித்துக் காட்டலாம். 'செக்யூர் பூட்' இயங்கும் கணிப்பொறிகளில் பல லினக்ஸ் பதிப்புகள் ஹைபர்னேட்டைத் தடுக்கின்றன என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

அதுவரை, வேலையைச் சேமித்த பிறகே மூடியைச் சாத்துங்கள். நிரலைத் திறந்து காட்டுவோர், குறையையும் திறந்து சொல்லலாமே!