அங்கே சோறு, இங்கே சுளை

சித்திரை, வைகாசியில் பேருந்தில் பண்ருட்டிப் பக்கம் போகிறவருக்கு ஊர் வந்துவிட்டதை மூக்கு முதலில் சொல்லிவிடும். மண்டிகளில் பலாப்பழம் குவிந்து கிடக்கும். வியாபாரி தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார். ஓசை மந்தமாக விழுந்தால் பழுத்துவிட்டது. அங்கே பேச்செல்லாம் சுளையைப் பற்றித்தான்: வருக்கையா கூழனா, தேனாக இருக்குமா, சப்பென்று போகுமா. காய்க்குப் பெரிய மரியாதை கிடையாது.

இலங்கையின் ஈரவலயத்தில் இதே மரத்தைக் காட்டிக் கேட்டால் பேச்சு சோற்றில் தொடங்கும். சிங்களத்தில் அதற்கு ‘பத் கஸ’ என்றே ஒரு பெயர் உண்டு, சோற்று மரம். பழுக்கும்வரை காத்திருக்கும் பொறுமை அங்கே குறைவு. முதலில் பிஞ்சு, அதாவது ‘பொலஸ்’. தோல் சீவித் துண்டு போட்டு, கொறுக்காய்ப்புளியும் மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து மண்சட்டியில் மணிக்கணக்கில் வேகவிட்டால், இறைச்சிபோல் கறுத்துச் சுருளும். அடுத்தது முற்றிய காய், ‘கொஸ்’. சோற்றுக்கு ஈடு இதுதான். கத்தியிலும் உள்ளங்கையிலும் தேங்காயெண்ணெய் தடவாமல் தொட்டவர் அன்று முழுக்கப் பிசினோடு மல்லுக்கட்ட வேண்டும். கொட்டை நீக்கிய சுளையை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, பக்கத்தில் தேங்காய்ப்பூவும் லுணுமிரிஸ் சம்பலும் வைத்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. மிஞ்சியதைக் காயவைத்து ‘அட்டு கொஸ்’ என்று எடுத்துவைப்பார்கள். கொட்டை தனிக் கறி. இத்தனைக்கும் தப்பியதுதான் பழமாகும்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு மனிதரும் ஒரு சட்டமும் உண்டு. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ், 1915இல் இலங்கையில் நடந்த கலவரத்தின்போது பிரிட்டிஷ் அரசு சிறையிலடைத்த மதுவிலக்குத் தலைவர்களில் ஒருவர். நாட்டில் உணவுக்குத் தட்டுப்பாடு வந்துவிடக்கூடாதென்று ஊரூராகப் பலாக்கன்று நட வைத்தார். ‘கொஸ் மாமா’ என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. பிறகு வந்தது 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம். சொந்த வளவில் நிற்கும் பலாவை வெட்டவும் அனுமதி வேண்டும். அந்தச் சட்டத்தில் பலாவோடு ஈரப்பலாவும் (சீமைப்பலா) பெண் பனையும் சேர்ந்திருக்கின்றன. தெற்கின் சோறும் வடக்கின் சோறும் ஒரே பட்டியலில்! 2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவும் அரிசியும் எட்டாமல் போனபோது, பல வீடுகளில் அடுப்பில் வெந்தது கொல்லைப் பலாக்காய்தான்.

இந்தியாவை ஒரே நாக்காக எடுத்துக்கொண்டால் கணக்குத் தப்பும். 2018 மார்ச்சில் பலாவை மாநிலப் பழமாக அறிவித்த கேரளம், சமையலில் இலங்கைக்கே நெருக்கம்: பிஞ்சில் இடிச்சக்கைத் தோரன், காயில் சக்கைப் புழுக்கு. இரண்டு இடத்திலும் மழை அதிகம். தென்னை, கமுகு, மிளகுக்கொடியோடு வீட்டைச் சுற்றியே பலா வளர்கிறது. தமிழ்நாட்டிலும் பலாமூசுப் பொரியல் தெரியாததல்ல. ஆனால் அது சோற்றுக்குத் தொடுகறி, சோறல்ல. பண்ருட்டியின் செம்மண்ணில் முந்திரிக்குப் பக்கத்தில் நிற்கும் பலா, சந்தைக்காக நிற்கிறது. பழம் பெருக்கவேண்டும் என்றுதான் அங்கே பிஞ்சைக் கழிக்கிறார்கள். பொலஸ் சமைக்கும் வீட்டில் இதைச் சொன்னால் வயிறெரியும்.

காய்ப்பு ஓய்ந்த பின்னும் மரத்துக்கு வேலை இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்து முதிர்ந்த பலா தஞ்சாவூருக்குப் போகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்கு வேறு மரம் ஏற்பதில்லை; குடமும் தண்டியும் ஒரே துண்டில் குடைந்த வீணைக்குத் தனி விலை. பாக்கு நீரிணைக்கு அப்பால் இலங்கையில் கதவும் கட்டிலும் பலாவில் செய்வதுண்டு. அங்கே வனத்தில் வாழும் பிக்குகள் பலாவின் வைரத்தைச் சீவிக் கொதிக்கவைத்து, அந்த மஞ்சள் சாற்றில் தங்கள் சீவர உடையைத் தோய்த்துக் கொடியில் காயப்போடுகிறார்கள்.