மனனத்துக்கும் மறுமொழிக்கும் இடையே

மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு மேடை புதிதல்ல. கதை கூறுதல், திருக்குறள் ஒப்புவித்தல், பேச்சுப் போட்டி என்று தொடக்க வகுப்புகளிலேயே ஒலிவாங்கியின் முன் நின்று பழகிவிடுகிறது. ‘வணக்கம் மலேசியா’ நடத்தும் ‘மாணவர் முழக்கம்’ அந்தத் திறமையை நாடறியச் செய்தது. கோல சிலாங்கூர் வட்டாரத்தின் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டப் பள்ளிகளும் இந்த மரபில் வந்தவைதாம். ஆனால் அதே பிள்ளை தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்ததும் ஆறாண்டுப் பயிற்சிக்கு வேலையில்லாமல் போகிறது. பெரும்பாலான பள்ளிகளில் விவாதம் என்றால் மலாய் அல்லது ஆங்கிலம். மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர்கள் ‘பெராலிஹான்’ எனப்படும் புதுமுக வகுப்பில் ஓராண்டு தங்க வேண்டும். விவாதக் குழுவுக்கு ஆள் தேடும் ஆசிரியர் அந்த வகுப்பில் போய்த் தேடுவாரா?

பழியை எல்லாம் மொழிமேல் போட்டுவிட முடியாது. தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியிலேயே ஒரு குறை இருக்கிறது. உரையை ஆசிரியரோ பெற்றோரோ எழுதித் தருவார்கள். பிள்ளை மனனம் செய்து, ஏற்ற இறக்கத்தோடும் கையசைவோடும் முழங்கும். உச்சரிப்பும் கூச்சமின்மையும் இதில் கைகூடுகின்றன, அது சிறிய லாபமல்ல. ஆனால் பேசியதை மறுக்க அங்கே யாரும் எழுந்து நிற்பதில்லை. ஐந்து நிமிடம் தடங்கலின்றி முழங்கிய பிள்ளையிடம் “ஏன் அப்படிச் சொல்கிறாய்?” என்று கேட்டால் திகைத்து நிற்கிறது.

இடைநிலைப்பள்ளி விவாதத்தின் வலிமை சரியாக இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1988-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியில் அணிக்கு மூவர் பேசுகிறார்கள், ஆளுக்கு 8 நிமிடம். சில தலைப்புகள் ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தெரியவரும். பேச்சின் நடுவே எதிரணி எழுந்து கேள்வி கேட்கலாம். தான் நம்பாத பக்கத்துக்காகவும் வாதாட வேண்டிவரும். மனனம் இங்கே உதவாது; எதிராளி சொல்வதைக் கவனித்துக் கேட்டால்தான் பிழைக்க முடியும்.

அதன் பலவீனம் மதிப்பெண் தாளில் தெரிகிறது: உள்ளடக்கத்துக்கு 40, பேச்சுநடைக்கு 40, உத்திக்கு 20. நடுவரின் காது தலைநகர ஆங்கிலத்துக்குப் பழகியிருந்தால், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலாயும் பேசி வளர்ந்த பிள்ளை அந்த நடுப் பகுதியிலேயே பின்தங்கிவிடும், வாதம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும். பல்கலைக்கழக உலகம் இதை ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கிறது. மலேசியா 2005-இலும் 2015-இலும் நடத்திய உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியில் ஆங்கிலம் இரண்டாம் மொழியானவர்களுக்குத் தனி இறுதிச் சுற்றே உண்டு. அப்படியொரு ஏற்பாடு மாவட்டப் போட்டிக்கு அல்லவா முதலில் தேவை?

அடுத்த தடை பேருந்து. பயிற்சி நடப்பது பள்ளி முடிந்த பிறகு. தோட்டத்துக்குப் போகும் பள்ளிப் பேருந்து அதற்காகக் காத்திருக்காது. சொந்த வண்டி உள்ள வீட்டுப் பிள்ளை தங்கிப் பயில்கிறது. முழு உறைவிடப் பள்ளிகளுக்கோ பிரதமர் கிண்ணம் என்று தனி விவாதப் போட்டியே இருக்கிறது. அங்கே பயிற்சிக்கு மாலையும் இரவும் கிடைக்கின்றன. அரசுப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உரியது என்பதால் தோட்டப் பிள்ளையின் இழப்பு மேடையோடு முடிவதில்லை.

இத்தனைக்கும் வாதாடத் தெரியாத வட்டாரமல்ல இது. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிறுவனத்தோடும் அரசோடும் வாதாடியிருக்கிறார்கள். மனு எழுதவும், அதிகாரியின் பதிலில் ஓட்டையைக் காணவும், மறுமொழி சொல்லவும் அவர்கள் பட்டுத்தான் கற்றார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளாவது அதைப் பள்ளியிலேயே கற்க வேண்டும்.

வழி தெரியாமல் இல்லை. 1985-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் துணையோடு நகர்ப்புற விவாதக் கழகம் தொடங்கியது. வசதி குறைந்த அரசுப் பள்ளிகளே அதன் களம். அந்த வழியில் பிற நகரங்களிலும் கழகங்கள் பிறந்தன. புதியவர்கள் எல்லாருக்கும் ஒரே தகவல் தொகுப்பைக் கொடுத்து, அதற்குள்ளேயே வாதாடச் செய்வது அவை கையாளும் நல்ல முறை. வீட்டில் இணையமும் புத்தகமும் இருப்பவர், இல்லாதவர் என்ற இடைவெளி அதனால் குறைகிறது.

இங்கே பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015 உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியை நடத்திய மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகமொன்று இதே மாவட்டத்துப் புஞ்சாக் ஆலமில் உள்ளது. அது பூமிபுத்ரா மாணவருக்கான நிறுவனம்தான். ஆயினும் தன் விவாதிகளைப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பயிற்சி தர அனுப்ப அந்த வரம்பு தடையாகாது. கூடவே மாதம் இருமுறையாவது மாலைப் பேருந்துக்குப் பள்ளி வாரியமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ பணம் ஒதுக்க வேண்டும். இதைச் செய்யாமல் எத்தனை பயிலரங்கு நடத்தினாலும் நகரத்துப் பிள்ளைகளே வந்து போவார்கள்.

தமிழ்ப்பள்ளிகள் செய்யவேண்டியதற்குச் செலவே இல்லை. நான்காம் ஆண்டு முதல் ஒவ்வொரு பேச்சும் முடிந்தபின் வேறு பள்ளி மாணவர் இருவர் ஆளுக்கொரு கேள்வி கேட்கட்டும். பதிலுக்கு மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு தரலாம். பதிலையும் எழுதிக் கொடுத்து மனனம் செய்ய வைத்துவிடுவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். வேறொரு பள்ளிப் பத்து வயதுப் பிள்ளை என்ன கேட்கும் என்பதை எந்த ஆசிரியராலும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது.