அலுவெட்டின் எஃகு நாடா

விட்பி வீட்டுக் கராஜில் இரும்பு அளவுநாடாவை இழுக்கும்போதெல்லாம் எனக்கு அலுவெட் நினைவு வரும். 1962 செப்டம்பர் 29இல் ஏவப்பட்ட, கனடாவின் முதல் செயற்கைக்கோள். அதன் ஆன்டெனாக்கள் டொராண்டோவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்தவை. சுருட்டி வைத்த மெல்லிய எஃகுப் பட்டை, வெளியே தள்ளத் தள்ளத் தானே வளைந்து குழாயாகி நீளும். நீளமான ஜோடி முனைக்கு முனை 45 மீட்டர்! எவ்வளவு அழகான வேலை. அந்த ஆன்டெனாக்கள் வழியே ரேடியோ அலை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு அயனமண்டலத்தின் எலக்ட்ரான் அடர்த்தியை மேலிருந்து அளந்தார்கள். அந்த அடர்த்தி எங்கும் ஒன்றுபோல் இல்லை. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்கு அருகே போகிறது. பகலில் அதன் மேலே எலக்ட்ரான்கள் ஊற்றுப்போல எழும்பி வடக்கிலும் தெற்கிலும் வழியும். அதனால் அடர்த்தியில் நடுவில் பள்ளம், இருபுறமும் மேடு. ஓராண்டுக்கென்று அனுப்பிய செயற்கைக்கோள் பத்தாண்டு உழைத்தது. இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.