முன்வாயும் பின்கதவும்

ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில் ஸ்லிங் டிஎஸ்ஐ விமானத்தைத் தாமே கட்டிக் குடும்பத்தோடு பறக்கும் செய்தி 2022இல் வந்ததிலிருந்து, வீட்டு விமானம் நம் பக்கத்திலும் பேச்சுப் பொருளாகிவிட்டது. அந்தப் பேச்சில் மெரிடித் விளைவு என்ற பழைய மோகமும் தலைகாட்டுகிறது. ரேடியேட்டரில் சூடான காற்று பின்னால் வெளியேறும்போது விமானத்தைத் தள்ளும் என்று 1930களில் பொறியாளர் மெரிடித் சொன்னது சரிதான். மஸ்டாங் போர்விமானம் அதனால் பயன் கண்டதும் உண்மை. குறுகிய வாயில் புகும் காற்றை, மெல்ல அகலும் குழலில் வேகம் தணித்து ரேடியேட்டருக்குக் கொடுப்பது, ரேடியேட்டரை வெறுமனே காற்றில் தொங்கவிடுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் மஸ்டாங் மணிக்கு 600 கி.மீ.க்கு மேல் பறந்தது. வீட்டில் கட்டுபவற்றில் பல 200ஐ ஒட்டியவை. அந்த வேகத்தில் ரேடியேட்டர் கழிக்கும் வெப்பத்தில் உந்துவிசையாக மாறக்கூடியது, இழப்பே இல்லையென்றாலும், நூற்றில் அரைப் பங்குதான். அந்த அரைப் பங்கை நம்பி வாயை வளைத்து வளைத்துச் செதுக்குகிறவர்கள், மஸ்டாங்கின் பின்புறம் காற்று வெளியேறும் வழியை விரித்துச் சுருக்கிய அசையும் கதவை மட்டும் நகலெடுப்பதில்லை. எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்.

ஓடுபாதையை விட்டு ஏறும் நேரத்தைப் பாருங்கள். எஞ்சின் முழு விசையில் இருக்கிறது, வேகமோ 100. வேகம் பாதியானால் காற்று மோதும் அழுத்தம் கால்வாசி. குழலில் ஓடும் காற்று ஏறக்குறைய பாதி. வெப்பம் மிகுதியாக இருக்கும்போதுதான் காற்று குறைவு. திருவனந்தபுரத்தின் கரமனைப் பாலத்து நெரிசலில் ஊரும் லாரிக்கு விசிறியாவது உண்டு. இங்கே அதுவும் பொதுவாக இல்லை. போதாக்குறைக்கு நம் வெயில். கூலன்ட் 110 டிகிரி என்றால், 15 டிகிரிக் குளிரில் இடைவெளி 95. திருவனந்தபுரத்து மதியத்தின் 34 டிகிரியில் 76. குளிர்விக்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பெங்களூரில் பறந்த ஹன்சா-என்ஜி பயிற்சி விமானத்தையே 2022இல் கடல்மட்டச் சோதனைக்காகப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு அந்தக் கவலைகூட இல்லை.

சூடு ஏறினால் உடனே வாயை அகலப்படுத்துகிறார்கள். வெளிவழி குறுகலாகவே இருந்தால் கூடுதல் காற்று உள்ளே வராது. வாயோரத்தில் வழிந்து இழுவையாகத்தான் மாறும். ரேடியேட்டரின் விளிம்பில் விரல் நுழையும் சந்து இருந்தால் இன்னும் மோசம்: வந்த காற்றும் தகட்டைத் தொடாமல் அந்தச் சந்து வழியே நழுவிவிடும்.

கதவு எடை கூட்டும், கம்பி அறும், ஓட்டுபவர் மறந்துவிடுவார், நிலையான வழியே பத்திரம் என்பார்கள். ஏற்றத்துக்கு ஏற்ற அகலத்தில் வைத்தால் பத்திரம்தான். ஆனால் அப்படி வைத்தவர் கிடைப்பயணத்தில் இழுவையைக் கண்டு மனம் கேளாமல் அதைச் சுருக்குகிறார். அடுத்த ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொடுகிறது. அறுகிற கம்பிக்கும் மருந்து உண்டு: அறுந்தால் திறந்தே நிற்கும்படி ஒரு ஸ்பிரிங்.

தகட்டில் கத்தரி வைக்குமுன் பின்பக்கத்திலிருந்து வரையத் தொடங்குங்கள். முதலில் ஏற்றத்துக்கு வேண்டிய வெளிவழி, அடுத்து கதவு, கடைசியாக வாய்.