வனவிலங்குப் படிப்பில் மொழித் தாள்

பெங்களூரின் தெற்கு விளிம்பில் உள்ள ஹெப்பகோடியிலிருந்து மேற்கே சிறிது தூரம் போனால் பன்னேர்கட்டா தேசியப் பூங்காவின் காடு தொடங்கிவிடும். அந்தக் காடு தெற்கே ஜவளகிரி, தளி வழியாகக் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் வரை தொடர்கிறது. கர்நாடகம், தமிழ்நாடு என்ற எல்லைக்கோடு யானைகளுக்குக் கிடையாது. ராகிக் கதிர் முற்றும் மாதங்களில் இரண்டு பக்கத்து வயல்களிலும் இறங்குகின்றன. ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் புழங்குகின்றன. வனவிலங்குப் பாதுகாப்பில் பட்டம் பெற்று இந்தப் பகுதிக்கு வேலைக்கு வரும் ஒருவருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்திருக்கும். இளநிலையில் பிரெஞ்சுத் தாளில் நல்ல மதிப்பெண்கூட வாங்கியிருக்கலாம். பயிரை இழந்தவரிடம் உட்கார்ந்து பேசத் தெரியுமா என்பதை மட்டும் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். உயிரியல், சூழலியல், வனவியல் படிப்புகளில் மொழிக்கு நேரம் ஒதுக்க வேண்டுமா, அதைத் துறைப் பாடத்துக்கே கொடுத்துவிடலாமா என்று கல்லூரிகளில் வாதம் நடக்கிறது. மொழிக்கு இடம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் இன்று அந்த இடத்தில் இருக்கும் பாடமும் அதைத் தேர்ந்தெடுக்கும் விதமும் மாற வேண்டும்.

இப்போதைய ஏற்பாட்டைப் பார்ப்போம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. மாணவர் பெரும்பாலும் முதல் நான்கு செமஸ்டர்களில் பகுதி 1 ஆக ஒரு மொழியும் பகுதி 2 ஆக ஆங்கிலமும் படிக்கிறார். 140 கிரெடிட்டில் சுமார் 24 இவற்றுக்குப் போகிறது. பகுதி 1-இல் தமிழுக்குப் பதிலாக இந்தி, சமஸ்கிருதம், பிரெஞ்சு என்று எடுக்கலாம். பெங்களூரிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். பிரெஞ்சை எடுப்பவர்களில் பலர் அந்த மொழி மீதான ஆர்வத்தால் எடுப்பதில்லை என்பது ஆசிரியர்களுக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். அது தொடக்கநிலைப் பாடம். மதிப்பெண் எளிதாக வரும். நான்கு செமஸ்டர் முடிந்த பிறகு அந்த மாணவரால் ஒரு பிரெஞ்சு ஆய்வுக் கட்டுரையைப் படிக்க முடியாது. மதுரையைச் சேர்ந்தவர் தமிழ் எடுத்தாலும் செய்யுளும் உரைநடையும் படிப்பார். அவை தம்மளவில் மதிப்புள்ளவை, காட்டு வேலைக்குப் பழக்குபவை அல்ல. மொழித் தாள் சுமை என்று உயிரியல் துறையினர் எரிச்சல்படுவதன் வேர் இங்கே இருக்கிறது.

அயல்மொழிக்கு ஆதரவான வாதம் வலுவற்றது என்று சொல்லிவிட முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளைப் பற்றிய ஜான்-பியர் பாஸ்கலின் அடிப்படை நூல் 1984-இல் பிரெஞ்சில் வந்தது; ஆங்கிலத்தில் வந்தது 1988-இல். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தாவரவியல் பணியில் கணிசமான பகுதி அந்த மொழியில்தான் முதலில் எழுதப்பட்டது. மலபாரின் தாவரங்களைப் பற்றி 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்டுஸ் மலபாரிகுஸ்’ என்ற லத்தீன் நூலுக்கு, கே.எஸ். மணிலால் என்ற ஒரு தாவரவியலாளர் பல பத்தாண்டுகள் உழைத்த பிறகு 2003-இல்தான் முழு ஆங்கிலப் பதிப்பு கிடைத்தது. புதிய தாவர இனங்களுக்கான விளக்கத்தை லத்தீனில் எழுதும் கட்டாயம் 2011 முடியும்வரை நீடித்தது. உலக அளவிலும் சான்று உண்டு. தத்சுயா அமானோவும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உயிர்ப்பன்மைப் பாதுகாப்பு குறித்து 2014-இல் வெளியான 75,513 அறிவியல் ஆவணங்களில் 35.6 சதவீதம் ஆங்கிலம் அல்லாத மொழிகளில் இருந்தன. ஆங்கிலம் ஒன்றே போதும் என்று நினைக்கும் பாதுகாப்பியலாளர் மூன்றில் ஒரு பங்கு அறிவைப் பார்க்காமலே முடிவெடுக்கிறார்.

ஆனாலும் இந்தச் சான்றுகள் எதைக் கேட்கின்றன என்று கவனிக்க வேண்டும். அவை கேட்பது வாசிக்கும் திறனை; அச்சில் உள்ள கட்டுரையைப் புரிந்துகொள்ளும் திறனை. இந்த ஒரு வேலையில் கணினி மொழிபெயர்ப்பு கடந்த சில ஆண்டுகளில் வெகுதூரம் வந்துவிட்டது. பிரெஞ்சு, ஸ்பானிய, ஜப்பானியக் கட்டுரையின் சாரத்தை இன்று ஒரு மாணவர் சில நிமிடங்களில் பெறலாம். ஐயம் வந்த இடத்தில் மட்டும் மொழி தெரிந்தவரைக் கேட்கலாம். இந்தக் காடுகளின் பழங்குடிகளான சோலிகர் பேசும் மொழிக்கோ இருளர் பேசும் மொழிக்கோ அப்படிப்பட்ட கருவி இல்லை. எழுத்தில் அதிகம் பதிவாகாத பேச்சை எந்தக் கருவி கற்றுக்கொள்ளும்? இயந்திரத்தால் ஆகும் வேலைக்கு நான்கு செமஸ்டர் செலவழித்துவிட்டு, மனிதரால் மட்டுமே ஆகும் வேலைக்கு ஒரு மணி நேரம்கூடத் தராமல் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய குறை.

அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு, சோலிகர் வாழும் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை நல்ல சான்று. அங்கே உண்ணிச்செடி (லாண்டானா) காட்டையே மூடிப் பரவியது. தீயும் உண்ணிச்செடியும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்ற கருதுகோளை அங்கிலா ஹிரேமத்தும் பரத் சுந்தரமும் 2005-இல் முன்வைத்தார்கள். பிறகு இதே ஆய்வாளர்கள், சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, சோலிகர்களிடம் விரிவாகக் கேட்டு எழுதிய கட்டுரை 2012-இல் வந்தது. சோலிகர்களின் விளக்கம் வேறு. கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு வைக்கும் மிதமான தீ உண்ணிச்செடியை அடக்கி வைத்திருந்தது. அந்த வழக்கம் தடைப்பட்ட பிறகுதான் அது கட்டுமீறியது என்றார்கள். எந்தத் தீ, எந்த மாதம், எந்த இடம் என்ற நுணுக்கம் செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. அது ஒருவர் சொல்ல இன்னொருவர் புரிந்துகொண்டு மறுகேள்வி கேட்கும்போது வெளிவருகிறது. தன் கருதுகோளையே திருத்திக்கொள்ளும் நேர்மையான அறிவியலுக்கு இங்கே உரையாடல்தான் தரவு. 2011-இல் அந்த மலையில் 25 கிராம சபைகளுக்கு வன உரிமைச் சட்டத்தின்படி சமூக உரிமைகள் கிடைத்தன. அதன் பின் அங்கே வேலை செய்யப் போகிறவர் யாருடன் பேச வேண்டும் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

பாடத்திட்டத்தில் இடமே இல்லை என்பது முதல் ஆட்சேபம். புள்ளியியல், ஜிஐஎஸ், மரபணுவியல், தொகைக் கணக்கெடுப்பு, கேமரா பொறி என்று கற்பிக்க வேண்டியவை பெருகிவிட்டன. இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். புள்ளியியல் தெரியாத பாதுகாப்பியலாளரால் தீங்குகூட விளையும். ஆனால் யானையால் நேரும் பயிர்ச்சேதத்தை ஆராயும் மாணவர் செய்யும் வேலையைப் பாருங்கள். கேள்வித்தாளை ஆங்கிலத்தில் தயாரிக்கிறார். உடன் வரும் உதவியாளர் அதை நின்ற இடத்தில் கன்னடமாக்கிக் கேட்கிறார். விவசாயி பத்து வாக்கியம் சொல்கிறார். உதவியாளர் இரண்டாகச் சுருக்குகிறார். மாணவர் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கிறார். அதன்மேல் எவ்வளவு நுட்பமான புள்ளியியலை ஏற்றினாலும் விடுபட்ட எட்டு வாக்கியங்கள் திரும்பி வரப்போவதில்லை. தரவு சேகரிப்பே துறைப் பாடம் என்றால், அதைச் சேகரிக்கும் மொழியும் துறைப் பாடம்தான்.

சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். கூட்டம் முடியும்போது நடவடிக்கைச் சுருக்கத்தை அங்கேயே உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே மாவட்ட ஆட்சியர் கையெழுத்திடுவார். நீர்மட்டம், வழித்தடம், வடிகால் பற்றிய ஒரு வாதத்தை அந்தக் கூட்டத்தில் மக்களுக்குப் புரியும்படி சொல்லவும், படித்துக் காட்டுவதில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டவும் தெரிந்த உயிரியலாளர் எத்தனை பேர்? 2020-இல் இந்த அறிவிக்கைக்குப் பதிலாக ஒரு வரைவு வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கடினமானது. பட்டதாரி எந்த மாநிலத்துக்கு வேலைக்குப் போவார் என்று யாருக்குத் தெரியும், எந்த மொழியைக் கட்டாயமாக்குவது? கர்நாடக அரசு 2021 ஆகஸ்டில் பட்டப்படிப்பில் கன்னடத்தைக் கட்டாயமாக்கியது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. விரும்பாத மாணவரை வற்புறுத்தக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத்தில் சொன்னது. எல்லாத் துறைக்கும் ஒரே ஆணை என்பது அந்தக் கட்டாயத்தின் பலவீனம். விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பொறியியலில் வைத்திருக்கும் ‘பளகெ கன்னட’ என்ற ஒரு கிரெடிட் பாடம் நோக்கத்தில் சரியானது, அளவில் மிகச் சிறியது. இந்திய வனப் பணி (ஐ.எஃப்.எஸ்.) அதிகாரி தனக்கு ஒதுக்கப்பட்ட மாநிலத்தின் மொழியைக் கற்றாக வேண்டும். அதை யாரும் திணிப்பு என்று சொல்வதில்லை, ஏனென்றால் வேலைக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிகிறது. அந்தத் தொடர்பைப் பல்கலைக்கழகமும் காட்டிவிட்டால் கட்டாயம் என்ற கசப்பு பெரிதும் குறையும். அசாமில் வேலை கிடைத்துவிட்டால் கற்ற கன்னடம் வீணா என்று கேட்கலாம். புதிய பேச்சுமொழியை ஒருமுறை களத்தில் கற்றவருக்கு இரண்டாவது முறை வழி தெரிந்திருக்கும். மொழிபெயர்ப்பாளரை எங்கே நம்பலாம், எங்கே நிறுத்தி மறுபடி கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

ஆகவே பாடத்திட்டக் குழுக்களிடம் என் வேண்டுகோள் இது. உயிரியல், வனவியல் மாணவருக்கு மொழித் தாளின் கிரெடிட்டுகளைக் குறைக்க வேண்டாம். அவற்றில் பாதியைக் களப்பணியுடன் கட்டுங்கள். மாணவர் ஆய்வு செய்யும் பகுதியின் பேச்சுமொழி பாடமாகட்டும். தாய்மொழியே அந்தப் பகுதியின் மொழியாக இருப்பவர் அங்குள்ள இரண்டாவது மொழியைக் கற்கட்டும். தேர்வு எழுத்தில் மட்டும் இருக்கக் கூடாது; ஒரு நேர்காணலைப் பதிவு செய்து, முழுவதையும் எழுத்தாக்கி, சொன்னவரிடமே படித்துக் காட்டிச் சரிபார்த்துச் சமர்ப்பிக்கட்டும். பிரெஞ்சும் ஸ்பானியமும் முதுநிலையில், ஆய்வுத் தலைப்பு கேட்கிறவர்களுக்கு விருப்பப் பாடமாக இருந்தால் போதும். ஆனேக்கல் வட்டத்தில் இதைத் தொடங்கிப் பார்க்கப் புதிய கட்டடமோ புதிய நிதியோ தேவையில்லை. பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.