துளி சிறுத்தால் போதுமா? நானோ கொசு விரட்டி: ஒரு மதிப்பீடு

ஊட்டிக் கடைகளில் விற்கும் நீலகிரித் தைலத்தைத் தண்ணீரில் விட்டுக் குலுக்கினால் கலங்கும். சற்று நேரத்தில் எண்ணெய் மேலே மிதக்கும். அதையே ட்வீன் 80 என்ற குழம்பாக்கியோடு சேர்த்து மீயொலி அதிர்வால் உடைத்தால், தண்ணீர்போலத் தெளிந்து நிற்கும். வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் துளியின் விட்டம் 9.4 நானோமீட்டர், தலைமுடியின் தடிமனோ சுமார் 80,000. சாதாரணக் குழம்பைவிட அது க்யூலெக்ஸ் கொசுப் புழுக்களை நன்றாகவே கொன்றது. தண்ணீரில் வாழும் புழுவுக்குத் தண்ணீரெங்கும் பரவும் மருந்து பொருந்தும். இதுவரை மதிப்பெண் தாராளம்.

புழு வேறு, தோல் வேறு. தோலில் பூசும் விரட்டி வேலை செய்வது பெரும்பாலும் மணத்தால். மணம் என்பது ஆவியாகும் எண்ணெய். துளி சிறுத்தால் மேற்பரப்பு கூடும். அப்போது எண்ணெய் சீக்கிரமே பறந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. ஆகவே துளியைச் சிறுக்க வைப்பது பாதி வேலைதான். அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறை போட்டு, மணத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கசியவிடுவதே மீதி. நுண்துளி தோலுக்குள் இறங்கிவிடுமோ என்ற அச்சத்துக்கும் அந்த உறையே பதிலாகலாம். ஆனால் ஒவ்வொரு தயாரிப்பும் அதைச் சோதித்துக் காட்ட வேண்டும்.

“நீலகிரியில் குளிர், கொசு ஏது?” என்பார்கள். 1897-இல் ஊட்டிக்கு வந்த மலேரியா ஆய்வாளர் ரொனால்டு ராஸ், சீகூர் மலைச்சரிவுக்கு இறங்கிப்போய் மலேரியாவுக்கு ஆளானார். உச்சியில் இருக்கும் குளிர் கீழேயுள்ள கூடலூரிலும் பர்லியாறிலும் இல்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும்; தோட்டத் தொழிலாளரின் லைன் வீட்டில் இரவில் எரியும் கொசுவத்தி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொழுந்து பறிப்பவருக்கு உதவாது. அவருக்கு வேண்டியது வியர்வையையும் சாரலையும் தாண்டி ஒரு வேலைநாள் தாங்கும் விரட்டி. நானோ விரட்டிக்கு உண்மையான தேர்வு அதுதான்.

எனவே, பாட்டிலில் “நானோ” என்ற சொல்லுக்காகக் காசு கொடுக்காதீர்கள். மூலப்பொருளின் பெயர், அளவு, எத்தனை மணி நேரக் காப்பு என்ற மூன்றையும் பாருங்கள். டீட், பி.எம்.டி. போன்ற மூலப்பொருள்கள் சோதித்து நிலைத்தவை. பி.எம்.டி. எலுமிச்சை மண யூகலிப்டஸிலிருந்து வருவது. ஊட்டித் தைலம் வேறு மரத்தினுடையது, பி.எம்.டி.க்கு அது மாற்றாகாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு பி.எம்.டி. பூச வேண்டாம். எந்த விரட்டி வாங்கினாலும், தண்ணீர்த் தொட்டியை மூடி, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.